மதலேன் குரல் வரும் நேரம்

மதலேனின் குரல் முதன்முதலாகத் தாமதமாக வந்தது மழை விட்ட ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எஸ்தர் கடையில், அவள் கொடுவா மீன் கேட்டபோது. வாய் அசைந்தது, உதடுகள் கூடிப் பிரிந்தன, கேட்டு முடித்த நிம்மதியில் அவள் துண்டை மடியில் விரித்துக்கொண்டாள்; பக்கத்தில் நின்ற கலியபெருமாள் மட்டும் காதில் செருகிய பென்சிலை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இன்னும் குனிந்தபடியே இருந்தான்.

"என்ன மதாம், ஒண்ணும் சொல்லலியே."

அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்த கொடுவாவை அவள் விரலால் காட்ட, அவன் உள்ளே போய் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பியபோது, மேஜைக்கு மேலே, ஆள் இல்லாத இடத்திலிருந்து, மதலேனின் குரல் தெளிவாகச் சொன்னது: "கொடுவா. எலுமிச்சம்பழம் வேணாம்." கொஞ்சம் விட்டு, சற்று எரிச்சலோடு, அதையே இன்னொரு தடவை சொன்னது. மதலேன் அப்போது சூப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"எலுமிச்சை வேணாமாம்" என்று கலியபெருமாள் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். அன்றைக்கு அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாண்டிச்சேரியில் குடிக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அறுபதைத் தாண்டிய ஒரு பெண் தனியாக வந்து, செருப்பை மேஜைக்கடியில் கழற்றிவிட்டு, ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினை முன்னால் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எஸ்தர் கடையை விட்டால் வேறு கிடையாது. பழைய வீடு ஒன்றின் முன்கட்டுதான் கடை. கம்பியில் தலைகீழாகத் தொங்கும் கிளாஸ்கள், சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு, அதன் முன்னால் சின்னச் சின்ன மேஜைகள், அன்றைக்கு என்ன உண்டோ அதை மட்டும் எழுதிய கரும்பலகை. நாசிக்கிலிருந்து வரும் ஒயினைக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றித் தருவார்கள். வருகிறவர்கள் லுங்கியோடும் வருவார்கள், பூசைக்குப் போட்ட சட்டையோடும் வருவார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும் வருவார்கள். யாரும் யாரையும் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்வதில்லை.

மதலேன் அரசு அலுவலகம் ஒன்றின் கவுன்ட்டரில், கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டை வழியாக, முன்னால் வந்து நின்றவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடு இருந்தாள். அக்கா போன பிறகு, ஒருத்திக்காகப் பற்றவைக்கிறோம் என்பது அந்த அடுப்புக்கே தெரிந்துவிட்டதுபோல் இருக்க, மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எஸ்தர் கடைக்கு வந்துவிடுவாள்.

தெரு அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசியது. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பழுது எதுவும் இல்லை, சப்பிச் சாப்பிடுங்கள் என்று மாத்திரை கொடுத்தார். கோயில் சாமியார், ஜெபம்கூடத் தாமதமாகத்தான் கேட்கப்படுகிறது, நாம் என்ன ஜெபிக்காமலா இருக்கிறோம் என்றார். முன்காலத்தில் பாரீசுக்கு போன் போட்டால் இப்படித்தான் கேட்கும் என்றான் கலியபெருமாள். கடைக்காரி எஸ்தர் மட்டும் காரணம் எதையும் தேடவில்லை. மேஜையைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு எவ்ளோ லேட்டுக்கா?" என்று கேட்பாள், அதோடு சரி.

நிமிடக் கணக்கில் யாரும் அளக்கவில்லை. அது சாப்பாட்டுக் கடை, ஆகவே சாப்பாட்டால் அளந்தார்கள். ஆரம்பத்தில் சூப் வரைக்கும் லேட்டு. கார்த்திகை பிறந்தபோது மீன் வரைக்கும் லேட்டு. பிறகு சீஸ், பிறகு காபி, பிறகு அவள் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போன பின்னால், பெஞ்சின் காலி இடத்துக்கு மேலே, "நல்லா இருந்துச்சு எஸ்தர், வரேம்மா" என்று குரல் விடைபெறும். எஸ்தர் கல்லாவிலிருந்தபடியே, "சரிக்கா, பாத்துப் போங்க" என்று அந்தக் காலி இடத்துக்குச் சொல்வாள். புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்த்தால், அது மதலேனம்மா, அவங்க இப்பத்தான் கிளம்பறாங்க என்று பக்கத்து மேஜைக்காரர்கள் விளக்கம் சொல்வார்கள்.

இப்படித் தள்ளித் தள்ளிப் போய், கிறிஸ்மஸுக்குள் குரல் ஒரு முழு நாள் பின்தங்கியது. இன்று மணி அடிக்கும்போது சொன்னது நாளை மணி அடிக்கும்போது, சொன்ன அதே இடத்தில் கேட்கும். அங்கே வந்து நின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குரலுக்கும் ஒரு கரை வேண்டாமா என்றார்கள்.

கடையில் இது பழகிவிட்டது. வீட்டில்தான் பழகவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று நேற்றுத் தேடியது இன்று அடுப்பங்கரையில் கேட்டது. ஒரு நாள் காலண்டரைக் கிழித்தபடி, "செவ்வாயா, அதுக்குள்ளயா" என்று சொல்லிக்கொண்டது மறுநாள் காலை, புதன்கிழமையில், கூடத்தில் அதே ஆச்சரியத்தோடு கேட்டது. தான் இவ்வளவு தனியாகப் பேசுகிறவள் என்று மதலேனுக்கு அதுவரை தெரியாது. தன் குரலுக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை என்பதை, ஒரு நாள் கழித்து, பக்கத்து அறையில் இருந்து கேட்பது அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டில் பேசுவதை நிறுத்தினாள். அதன் பிறகு வீடும் பேசவில்லை.

கடையிலும் ஒரு சங்கடம் இருந்தது. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தான், மேஜையைத் தாண்டும்போது எல்லாரும் ஒரு வார்த்தை கேட்பவர்கள்தான். ஜன்னலோரம் உட்காரும் வாத்தியார் தம்பதி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அவர்கள் நண்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது மதலேனின் குரல், "நல்லா இல்லீங்க, ராத்திரி முச்சூடும் முட்டி வலி, தூக்கமே இல்ல" என்றது. வாத்தியார் நண்டுக் காலோடு நிமிர்ந்து, "யாரு, எதுக்கு இதெல்லாம் சொல்றாங்க?" என்றார். தான் கேட்டது அவருக்கு நினைவில்லை. ஒரு நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும்படியாக யாரும் எதையும் கேட்பதில்லை என்று மதலேன் அப்போதுதான் கண்டுகொண்டாள்.

இஞ்ஞாசி ஒருவர்தான் நினைவில் வைத்திருந்தார்.

அவர் பெரிய கடைவீதிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து போனவர், ஒரே மகள் பிரான்சில், துலூஸில் இருந்தாள். பெஞ்சில் மதலேனுக்குப் பக்கத்து மேஜை அவருடையது. இரண்டு மேஜைக்கும் நடுவில் கலியபெருமாள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடைவெளி. இருவரும் தெருவைப் பார்த்து உட்காருவார்களே தவிர ஒருவரையொருவர் பார்த்து உட்காருவதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் மதலேன் அவர் கடை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்கு முன்னால் அவர் மாற்றி மாற்றி வைத்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்திருக்கிறாள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள். "பாதிப் பேர் அப்படித்தான் சொல்வாங்க. தப்பாச் சொல்லிடுவோமோன்னு பயம்" என்று அவர் சிரித்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டைப் பார்த்தபடியே இஞ்ஞாசி கேட்டார்: "மதாம், இந்தக் கொடுவாவுக்கு வெள்ளையா, சிவப்பா? எது தெளிவு?"

அவள் வாயசைத்தாள். அவர் தலையாட்டிவிட்டு கலியபெருமாளிடம் தண்ணீர் மட்டும் போதும் என்றார். மறுநாள் மணி அடித்து, மேஜைக்கு மேலே, "சிவப்புதான். வெள்ளை குடிச்சா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருது" என்று குரல் வந்தபோது, "அப்படியே ஆகட்டும், சிவப்பு ஒண்ணு" என்று, கேள்வி கேட்டு ஒரு மூச்சுகூட ஆகாதவர்போல அவர் சொன்னார்.

"ஒரு கிளாஸுக்கு ஒரு நாள் காத்திருக்காரு" என்றான் கலியபெருமாள். "இவர நம்ம முனைச் சாராயக்கடையில கொண்டு விட்டா அங்க இருக்கவனுங்க அழுதுடுவானுங்க."

"ஊத்துப்பா. பேச்சு அப்புறம்."

அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் இன்று கேட்பார், அவள் இன்றே சொல்வாள், அவருக்கு நாளை கேட்கும். நாளை அவர் அதற்கு ஒன்று சொல்வார், அவள் உடனே வாயசைப்பாள், அது நாளன்றைக்கு வந்து சேரும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கடையில் மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்குக் கடைசியில் என்ன ஆனது என்ற ஒரு கதையை மதலேன் சொல்லி முடிப்பதற்கு அந்த வருஷத்துத் தவக்காலம் முழுவதும் ஆயிற்று, ஒவ்வொரு நாளும் விட்ட இடத்தை இஞ்ஞாசி சரியாகப் பிடித்துக்கொண்டு, "ஆமா, டாக்டர் வெளிய வந்தாரு, வந்து?" என்று தொடங்குவார். ஒரு தரம், "இப்பல்லாம் மணி அடிச்சுக் கொஞ்சம் கழிச்சுத்தான் வருது மதாம்" என்றும் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மதலேனும் வாங்கிக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்காக ஒருவர் நேற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே நுழைந்தாள். இஞ்ஞாசி அவளுக்கு முன்பே வந்திருந்தார், அதுவும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"கடையக் கொடுத்துட்டேன். பொண்ணு டிக்கெட் அனுப்பிட்டா. நாளைக்கு மத்தியானம் கார் வருது, சாயங்காலம் பிளேன்" என்றார். "ஒரு வாரமா சொல்லணும்னு பாத்தேன். சொன்னா நீங்க ஏதாவது சொல்லுவீங்க, அது மறுநாள் வரும், அதக் கேட்டுட்டு நான் எப்படிப் போறதுன்னு சொல்லல." அவர் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "போறதா, இருக்கறதா மதாம்? இது தெளிவா, அது தெளிவா?"

மணி ஓயவில்லை. மதலேன் வாயைத் திறந்து, தயங்காமல், மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். இஞ்ஞாசி அவள் உதடுகளையே பார்த்திருந்தார். ஒன்றும் விளங்கவில்லை.

கடை முழுக்கச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தது. "தலைய ஆட்டுங்கக்கா, போதும்" என்றாள் எஸ்தர். ஆனால் இதுவா அதுவா என்று கேட்டால் தலையை எப்படி ஆட்டுவது. கலியபெருமாள் கரும்பலகையைக் கழற்றி, கொடுவாவையும் இறாலையும் கையாலேயே அழித்து, சாக்பீஸோடு நீட்டினான். மதலேன் வாங்கி எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். கண்ணாடி ஓட்டை வழியாக அவளிடம் ஜனங்கள் நீட்டிய விண்ணப்பங்களில் ஒன்றுபோல அது இருந்தது. கீழே கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. யாரும் பார்க்குமுன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இருங்க, இருங்க" என்றாள் எஸ்தர். "அண்ணே, நாளைக்கு மணி அடிக்கறப்ப எங்க இருப்பீங்க?"

"ஏர்போர்ட்ல, உள்ள."

"போன் எடுப்பீங்கல்ல? நான் போனத் தூக்கி அக்கா மேஜைல வெச்சுடறேன். அங்க நின்னுக்கிட்டே கேட்டுக்குங்க. கேட்டுட்டு வரணும்னா வாங்க, போகணும்னா போங்க."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. இஞ்ஞாசிக்கும் பட்டது. அன்று அவர் சிவப்பே குடித்தார். மதலேன் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. நாளைக்கு வருகிற குரலுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் முன்பே கடை நிரம்பியது. வாத்தியார் தம்பதி வந்தார்கள், கோயில் சாமியார்கூட வந்து ஓரமாக ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டார். எஸ்தர் மின்விசிறியை நிறுத்தினாள், சமையலறையில் சட்டியைக் கீழே வைக்கச் சொன்னாள், போனை ரொட்டிக் கூடையில் சாய்த்து மேஜை நடுவில் வைத்தாள். மணி அடித்தது. போனுக்குள் பெட்டிகள் உருளும் சத்தமும், யாரோ எங்கோ போகும் விமானத்துக்கு யார் யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. "நான் இருக்கேன்" என்றார் இஞ்ஞாசி.

மணி ஓய்ந்தது. குரல் வரவில்லை.

யாரும் அசையவில்லை. கலியபெருமாள் சூப்பைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்தான். "நான் இருக்கேன்" என்றார் இஞ்ஞாசி. சூப் ஆடை கட்டியது. "இருக்கேன்." பின்னாலிருந்து ஒருவன் நகரச் சொன்னது கேட்டது. ஒரு நாள் என்பது கரை இல்லை, குரல் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று அப்போதுதான் ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் உறைத்தது. கொஞ்சம் கழிச்சுத்தான் வருது என்று அவர் ஒருவர்தான் சொன்னார் என்பதும். "உள்ள போகச் சொல்றாங்க எஸ்தர். சீட்ல உக்காந்துட்டுக் கூப்பிடறேன்" என்று அவர் சொல்ல, போன் அணைந்தது.

மதலேன் எழுந்தாள். கலியபெருமாள் நுழையும் இடைவெளியில் ஒருக்களித்துப் புகுந்து, பக்கத்து மேஜையில், இஞ்ஞாசியின் இடத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் தெரு கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது. தன் மேஜையும், குடிக்காத சூப்பும், ரொட்டிக் கூடையும் தெரிந்தன. இத்தனை நாள் அவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மீன் வந்தது. அதைத் தன் மேஜையிலேயே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அப்போது குரல் வந்தது.

"ரெண்டும் ஒண்ணில்லீங்க" என்றது. "அன்னிக்குப் பயந்துக்கிட்டு ஒண்ணுன்னு சொன்னேன். நீங்க இருந்தாத்தான் எனக்குத் தெளிவா இருக்கு. இருங்க."

மதலேன் அதைத் தன்னிடம் யாரோ சொன்னதுபோலக் கேட்டாள். அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சாமியார் சோடாவைக் கீழே வைத்தார். வாத்தியார் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. எஸ்தர் எடுத்தாள். இஞ்ஞாசி தாழ்ந்த குரலில் பேசினார். பின்னால் பெல்ட் போட்டுக்கொள்ளும்படி ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எஸ்தர், வந்துச்சா?"

கடை முழுக்க மதலேனைப் பார்த்தது. வந்தது என்று சொன்னால் அவர் இறங்க வேண்டும், அல்லது இறங்காமல் இருக்க வேண்டும். இறங்கினால், அப்பா வருவாரென்று ஓர் அறையைப் பெருக்கி வைத்துக்கொண்டு வேறொருத்தி அங்கே காத்திருக்கிறாள். இறங்காவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இனி அதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. மதலேன் அவருடைய மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

எஸ்தர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "இல்லண்ணே. இன்னும் வரல" என்றாள்.

"சரி" என்றார் இஞ்ஞாசி. "வரட்டும். நான் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கும். நாளைக்குக் கூப்பிடறேன்."

கூப்பிட்டார். மறுநாளும் கூப்பிட்டார். அங்கே அவருக்கு மத்தியானம், இங்கே மணி அடிக்கும் நேரம். இப்போது அது எஸ்தர் கடையின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. போன் அடித்ததும் மின்விசிறியை நிறுத்துவார்கள், எஸ்தர் அதை ரொட்டிக் கூடையில் சாய்த்து வைப்பாள், முதல் தடவையாக வந்திருப்பவர்களிடம் கலியபெருமாள் குனிந்து, "ஒரே ஒரு நிமிஷம் சார், அவர் என்ன கேட்டாலும் வாயத் திறந்துடாதீங்க" என்று சொல்லிவைப்பான். இஞ்ஞாசி அங்கே குளிர் எப்படி, பேரன் தமிழில் என்ன சொன்னான், அந்த ஊர் மீனில் ஏன் வாசனையே இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்பார்: "வந்துச்சா?" முள்கரண்டிகள் தட்டில் நிற்க, எல்லா மேஜைகளிலிருந்தும் ஒரே மாதிரி, "இன்னும் இல்ல" என்பார்கள்.

அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் மதலேனின் உதடுகளும் அப்போது அசையும்.

அது மறுநாள் வரும். மறுநாள் அவர் கூப்பிட்டு, கேட்டு, இல்லை என்று சொல்லக் கேட்டு, போனை வைத்துவிட்ட பிறகு, மீனெல்லாம் முடிந்து கலியபெருமாள் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மேஜைக்கு மேலே மதலேனின் குரல், "வந்துடுச்சுங்க" என்று சொல்லும். "அன்னிக்கே வந்துடுச்சு."

கடையில் எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.